மஞ்சள் டயலும் ஆறு இலக்கமும்: ஒரு பழைய வாட்ச் சரித்திரத்தைத் திருத்திய கதை

வீட்டில் அறுபதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால் "ஸ்கைலாப்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். "அட, அது தலையில விழப்போகுதுன்னு ஊரே பயந்துச்சே!" என்று ஆரம்பித்துவிடுவார். 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் சுற்றுப்பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே விழும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. இந்தியா முழுக்க பீதி. கடைசியில் ஜூலை 11 அன்று அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. நம்மவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இந்தக் கட்டுரை ஸ்கைலாப் விழுந்த கதை அல்ல. அதில் கடைசியாகப் போய்த் தங்கிய மூன்று பேரில் ஒருவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சின் கதை. அந்த வாட்ச் எது, எந்தக் காலத்தது என்று சரியாக அடையாளம் கண்டதால், பல வருடங்களாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு 'முதல் சாதனை' பன்னிரண்டு வருடம் பின்னால் தள்ளப்பட்டது. கூடவே, ஒரு பழைய வாட்ச்சின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே கதைதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி

க்ரோனோகிராஃப் என்றால் ஸ்டாப்வாட்ச் வசதியும் சேர்ந்த வாட்ச். பக்கத்தில் இரண்டு பட்டன் இருக்கும். ஒன்றை அழுத்தினால் நீளமான நொடிமுள் ஓட ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும்.

ஆட்டோமேடிக் என்றால் சாவி கொடுக்க வேண்டாத வாட்ச். உள்ளே அரைவட்ட வடிவில் ஒரு கனமான தகடு சுழலும். கை அசைய அசைய அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

க்ரோனோகிராஃப் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆட்டோமேடிக் கைக்கடிகாரத்தை 1930களிலேயே ரோலெக்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டையும் ஒரே வாட்ச்சில் சேர்க்க 1969 வரை ஆனது. காரணம் இடப்பற்றாக்குறை. ஸ்டாப்வாட்ச் சக்கரங்கள் ஒரு அடுக்கை எடுத்துக்கொள்ளும், சுழலும் தகடு இன்னொரு அடுக்கை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் வாட்ச் டப்பா மாதிரி தடித்துவிடும்.

1969இல் மூன்று தரப்புகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைச் சாதித்தன.

1. சுவிட்சர்லாந்தின் ஜெனித். 1969 ஜனவரி 10 அன்று 'எல் பிரிமெரோ' என்ற பெயரில் அறிவித்தது. ஸ்பானிஷ் மொழியில் 'முதலாவது' என்று அர்த்தம். பெயரிலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள் :-)

2. ஹாயர், பிரெய்ட்லிங், ஹாமில்டன்-ப்யூரன், டுபுவா தெப்ராஸ் ஆகியோர் சேர்ந்த கூட்டணி. 1969 மார்ச் 3 அன்று ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் 'க்ரோனோமேடிக்' என்று அறிவித்தது.

3. ஜப்பானின் சீகோ. 1969 மே மாதம் 6139 என்ற எண் கொண்ட மெஷினுடன் ஜப்பான் கடைகளில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை.

இதில் யார் முதல்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஒரு விற்பனையை எந்தத் தேதியில் கணக்கில் எழுதுவது? ஆர்டர் வந்த நாளிலா, சரக்கு போன நாளிலா, பணம் கைக்கு வந்த நாளிலா? எந்தத் தேதியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து லாபமே மாறிவிடும். இங்கேயும் அப்படித்தான். அறிவித்த தேதி என்றால் ஜெனித் முதல். கடையில் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய தேதி என்றால் சீகோ முதல், ஏனென்றால் சுவிஸ் வாட்ச்சுகள் பரவலாகக் கடைக்கு வந்தது அந்த ஆண்டின் பிற்பாதியில்தான்.

ஆனால் ரொம்ப காலம் இந்த விவாதம் ஜெனித்தா, க்ரோனோமேடிக்கா என்றே நடந்தது. சீகோ என்ற பெயர் ஓரமாக வந்துபோகும், அவ்வளவுதான். சீகோவும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. அதே 1969 டிசம்பர் 25 அன்று அவர்கள் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான 'ஆஸ்ட்ரான்'ஐ 4,50,000 யென் விலையில் வெளியிட்டார்கள். பேட்டரி போட்டால் சக்கரமெல்லாம் எதற்கு என்று உலகமே நினைக்க ஆரம்பித்த நேரத்தில், அதே வருடம் செய்த ஒரு சாவி இல்லாத ஸ்டாப்வாட்ச்சை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

பின்மூடியில் இருக்கும் ரகசியம்

சீகோ பேசாததை அதன் வாட்ச்சுகளே பேசின. எப்படி என்று பார்ப்போம்.

அந்தக் காலத்து சீகோ வாட்ச் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியில் இரண்டு வகை எண்கள் பொறித்திருக்கும்.

ஒன்று, நடுவில் கோடு போட்ட எட்டு இலக்க எண். உதாரணம் 6139-6002. முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண். அடுத்த நான்கு இலக்கம் கூட்டின் எண், அதாவது வெளி உலோக உடம்பின் வடிவம் எது என்பதைச் சொல்லும்.

இரண்டாவது சீரியல் நம்பர். 6139 வாட்ச்சுகளில் இது பொதுவாக ஆறு இலக்கம் இருக்கும். இதில்தான் தேதி ஒளிந்திருக்கிறது.

- முதல் இலக்கம்: தயாரித்த ஆண்டின் கடைசி எண்.
- இரண்டாவது இடம்: தயாரித்த மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு பூஜ்யம். நவம்பருக்கும் டிசம்பருக்கும் அந்த மாதங்களின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து.
- மீதி: அந்த மாதத்தில் அது எத்தனையாவது என்ற வரிசை எண்.

பின்மூடியில் 6139-6002 என்றும் 320417 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இலக்கம் 3. அப்படியென்றால் 1963, 1973, 1983 இதில் ஏதோ ஒன்று. சீரியல் நம்பர் தனியாகப் பத்தாண்டைச் சொல்லாது. அதைச் சொல்வது மெஷின் எண். 6139 மெஷின் 1969இல் வந்தது, 1970களின் கடைசியோடு முடிந்துபோனது. எனவே 1963 இருக்க முடியாது, 1983உம் இருக்க முடியாது. மிச்சம் 1973. இரண்டாவது இலக்கம் 2, ஆகவே பிப்ரவரி. இந்த வாட்ச் 1973 பிப்ரவரியில் தயாரானது. முடிந்தது கணக்கு!

கஷ்டம் வருவது 9இல் ஆரம்பிக்கும் எண்களில்தான். 1969ஆ, 1979ஆ? இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறதே? இங்கே உதவுவது ஒரே ஒரு வார்த்தை. ஆரம்பகால 6139களின் டயலிலும் பின்மூடியிலும் 'வாட்டர் ப்ரூஃப்' என்று இருக்கும். அதாவது தண்ணீர் புகவே புகாது என்ற உத்தரவாதம். எந்த வாட்ச்சுக்கும் அப்படி ஒரு உத்தரவாதம் தர முடியாது, அந்தச் சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற எதிர்ப்பு அமெரிக்காவில் வலுத்தது. 1970 வாக்கில் சீகோ அந்த வார்த்தையை மாற்றியது. அதன்பிறகு வந்தவற்றில் தண்ணீரைத் 'தாங்கும்' என்ற பொருளில் 'ரெசிஸ்ட்' அல்லது 'ரெசிஸ்டண்ட்' என்றே இருக்கும். எனவே 9இல் ஆரம்பித்து 'ப்ரூஃப்' என்று இருந்தால் 1969. 'ரெசிஸ்ட்' என்று இருந்தால் 1979.

நுகர்வோர் பாதுகாப்புக்காக மாறிய ஒரு வார்த்தை, நாற்பது ஐம்பது வருடம் கழித்து வாட்ச்சின் வயதைச் சொல்கிறது பாருங்கள்.

இப்போது 1969 போட்டிக்கு வருவோம். இந்த முறைப்படி சேகரிப்பாளர்கள் தங்களிடம் இருந்த பழைய 6139களைப் பார்த்தபோது, மே மாத விற்பனைக்கு முந்தைய மாதங்களின் எண்களைத் தாங்கிய 'ப்ரூஃப்' வாட்ச்சுகள் கிடைத்தன. அதாவது 1969இன் ஆரம்ப மாதங்களிலேயே சீகோ இவற்றைச் சோதனைச் சாலையில் ஒன்றிரண்டாக அல்ல, தொழிற்சாலையில் வரிசை எண் போட்டுத் தயாரித்துக்கொண்டிருந்தது. சுவிஸ்காரர்கள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்துக்கொண்டிருந்த அதே நாட்கள் அவை. அறிவிப்புகள் செய்தித்தாளில் வந்ததால் புத்தகங்களுக்குள் போயின. பின்மூடிகளோ யார் யார் கையிலோ குப்புறக் கிடந்தன.

இனி விண்வெளிக்கு

ஸ்கைலாப் 1973 மே 14 அன்று ஏவப்பட்டது. அதில் மூன்று குழுக்கள் போய்த் தங்கின. முதல் குழு 28 நாள், இரண்டாவது 59 நாள், மூன்றாவது 84 நாள். மூன்றாவது குழுவில் ஜெரால்டு கார், எட்வர்டு கிப்சன், வில்லியம் போக் ஆகிய மூவர். 1973 நவம்பர் 16 அன்று கிளம்பி 1974 பிப்ரவரி 8 அன்று திரும்பினார்கள்.

நாசா அதிகாரபூர்வமாகக் கொடுத்த வாட்ச் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். 1965 மார்ச்சில் வெப்பம், குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் என்று படாதபாடு படுத்திச் சோதித்துத் தேர்வு செய்த வாட்ச் அது. நிலவுக்குப் போனதும் அதுதான். தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச்.

போக் என்ன செய்தார் தெரியுமா? ஹூஸ்டனில் எல்லிங்டன் விமானப் படைத் தளத்துக் கடையில் 1972இல் சொந்தக் காசு போட்டு ஒரு சீகோ வாங்கியிருந்தார். விலை 71 டாலர். பயிற்சியின்போது என்ஜின் எரியும் நேரத்தை அளக்க அதைப் பயன்படுத்திப் பழகிவிட்டார். பழகிய பொருளை விட்டுவிட்டுப் போக மனசு வருமா? நாசாவின் அனுமதிப் பட்டியலில் அது இல்லை. சத்தமில்லாமல் உடையின் பாக்கெட்டில் போட்டு எடுத்துப் போய்விட்டார். மேலே போனபின் ஒமேகாவோடு சேர்த்து அதையும் கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபின் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. விண்வெளி வீரருக்கு அது வெறும் 71 டாலர் வாட்ச்.

பிறகு 1985 வந்தது. அக்டோபர் 30 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தில் ஜெர்மனியின் டி-1 ஆய்வுப் பயணம் கிளம்பியது. அதில் போன ஜெர்மன் இயற்பியலாளர் ரைன்ஹார்டு ஃபுரர் கையில் 'சின்' என்ற ஜெர்மன் கம்பெனியின் ஆட்டோமேடிக் க்ரோனோகிராஃப் இருந்தது. எடையற்ற நிலையிலும் ஆட்டோமேடிக் வாட்ச் வேலை செய்யும் என்பதற்கு அது நல்ல சான்று. விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேடிக் க்ரோனோகிராஃப் என்று அதையே எல்லோரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அன்று கையில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

2000களில்தான் திருப்பம் வந்தது. நாசாவின் ஸ்கைலாப் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச் ஆர்வலர்களின் கண்ணில் போக்கின் கை பட்டது. மஞ்சள் டயல். சுற்றி நீலமும் சிவப்புமான வளையம். ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சின்ன வட்டம். இது ஒமேகா இல்லையே!

இப்போது யோசித்துப் பாருங்கள். புகைப்படத்தில் பின்மூடி தெரியாது, சீரியல் நம்பர் தெரியாது, டயலில் இருக்கும் பொடி எழுத்தும் தெரியாது. ஆனால் உருவ அமைப்பு தெரியும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் சின்ன வட்டம் மூன்று, டயல் கறுப்பு. சீகோவின் அடுத்த மாடலான 6138இல் வட்டம் இரண்டு. ஆறு மணி இடத்தில் ஒரே வட்டம், மூன்று மணி இடத்தில் கிழமையும் தேதியும், நீல-சிவப்பு வளையம், மஞ்சள் முகம் எல்லாம் சேர்ந்து பொருந்துவது சீகோ 6139இன் 600 வரிசைக் கூட்டுக்கு மட்டும்தான்.

ஊகம் ஊகமாகவே நிற்கக் கூடாது என்று நேராக போக்கிடமே எழுதிக் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றார். எங்கே வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், ஏன் எடுத்துப் போனார் என்று எல்லாவற்றையும் சொன்னார். மேலே சொன்ன விவரங்கள் அப்படி வெளிவந்தவைதான்.

ஆக ஆட்டோமேடிக் க்ரோனோகிராஃப் விண்வெளியில் ஓடியது 1985க்கு முன்பே, 1973இலேயே. பன்னிரண்டு வருட வித்தியாசம்.

ஓடியது என்பதற்கு என்ன அத்தாட்சி?

நியாயமான சந்தேகம். கையில் இருந்தது சரி, அது ஓடியதா? எடையே இல்லாத இடத்தில் அந்தக் கனமான தகடு எப்படிச் சுழலும்?

தகட்டைச் சுழற்றுவது ஈர்ப்பு விசை மட்டும் அல்ல. கையை வெடுக்கென்று அசைக்கும்போது வாட்ச்சின் கூடு நகர்ந்துவிடும், கனமான தகடு தன் நிலைமத்தால் பின்தங்கும். அந்த வித்தியாசமே அதைச் சுழற்றப் போதும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வாரே, அதே கதைதான்.

6139இல் இன்னொரு விசேஷம் உண்டு. அதற்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. திருகைச் சுற்றினால் உள்பக்க வளையம்தான் சுற்றும், ஸ்பிரிங் முறுக்காது. எனவே விண்வெளியில் அது நாட்கணக்கில் ஓடியது என்றால், தகடு சுழன்றதால்தான் ஓடியிருக்க முடியும். வேறு வழியே இல்லை. இதை அறிந்துகொள்ள நாசா ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை, மெஷின் எண்ணைச் சரியாக அடையாளம் கண்டாலே போதும்.

தேதிக்கு இரண்டு வேலிகள்

போக் வாட்ச்சின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பின்மூடியைப் பார்க்காமலேயே அதன் வயதை எவ்வளவு நெருக்க முடியும்?

6139 வந்தது 1969. போக் வாங்கியது 1972. கடையில் விற்ற பொருள் அதற்குப் பிறகு தயாரானதாக இருக்க முடியாது. எனவே 1969க்கும் 1972க்கும் நடுவில். பின்மூடி இல்லாமலேயே நான்கு வருடத்துக்குள் அடைத்துவிட்டோம்! பழைய பொருள் எதற்கும் இந்த முறை பொருந்தும். 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று ஒரு வேலி, 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று ஒரு வேலி. புதுப்புது ஆதாரம் கிடைக்கக் கிடைக்க இரண்டு வேலியையும் உள்ளே நகர்த்திக்கொண்டே வர வேண்டும்.

இதனால்தான் பழைய பில்லுக்கு அவ்வளவு மதிப்பு. வாட்ச்சோடு வந்த கேரண்டி கார்டு, 'அன்புப் பரிசு' என்று தேதியோடு பொறித்த பின்மூடி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கையில் தெரியும் வாட்ச், எல்லாமே ஒரு வேலி.

மற்ற கம்பெனிகள்?

எல்லா வாட்ச்சிலும் தேதி எண்ணுக்குள் ஒளிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு நாட்டு வாட்ச்சும் ஏதாவது தடயம் வைத்திருக்கும்.

*பிரிட்டனில் விற்ற வெள்ளி வாட்ச்:* 1907 ஜூன் 1 முதல் வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்த தங்க, வெள்ளி வாட்ச் கூடுகளைச் சோதித்து முத்திரை குத்த வேண்டியது கட்டாயமானது. முத்திரைகளில் ஒன்று ஆண்டைக் குறிக்கும் எழுத்து. லண்டன் முத்திரையில் ஆண்டு எழுத்து மே மாதத்தில் மாறும் என்பதால் ஒரு எழுத்து இரண்டு காலண்டர் ஆண்டுகளைத் தொடும். முதல் உலகப் போர்க்காலத்துச் சிப்பாய்களின் வாட்ச்சுகள் பலவற்றுக்கு இப்படித்தான் வயது சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அது கூட்டைச் சோதித்த ஆண்டு, மெஷின் செய்த ஆண்டு அல்ல.

*அமெரிக்க வாட்ச்:* வால்தம், எல்ஜின் போன்ற பழைய கம்பெனிகள் எண் போட்டது மெஷினின் மேல். அதை வைத்து ஆண்டுவாரிப் பட்டியல் பார்க்கலாம். கூட்டின் மேல் வேறு ஒரு எண் இருக்கும், அது கூடு செய்த வேறொரு கம்பெனியின் எண். பின்மூடியைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் தேடினால் சம்பந்தமில்லாத ஆண்டு வரும்.

*இருட்டில் ஒளிரும் டயல்:* 1960கள் வரை பல டயல்களில் ரேடியம் பூசினார்கள். பிறகு ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். சுவிஸ் வாட்ச் டயலின் அடியில் நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ட்ரிட்டியத்தின் ஆங்கில முதல் எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் காலத்தது. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருடம், அதனால் அந்த டயல்கள் இன்று இருட்டில் அநேகமாக ஒளிராது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். பூச்சு ஒளிர்வதை நிறுத்தினாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். எனவே அந்த மாதிரிப் பழைய வாட்ச்சை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்ப்பது வேண்டாத வேலை.

*நம்ம ஊர் எச்.எம்.டி:* ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961இல் ஆரம்பித்தது. ஜனதா, சோனா, பைலட், ஜவான் என்று எத்தனை மாடல்! 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூட முடிவு செய்தது. ஏற்கெனவே இருந்த ஆசை இன்னும் அதிகமாகிவிட்டது. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று பளபளக்கும் புது டயலோடு 'ஐம்பது வருட ஒரிஜினல்' என்று விற்பனைக்கு வருகின்றன. உள்ளே இருக்கும் மெஷின் நிஜமாகவே பழையதாக இருக்கலாம். டயல் போன வாரம் பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம்.

சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும்

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. ஒரு வாட்ச்சுக்கு ஒரே ஒரு பிறந்த தேதி இல்லை. கூட்டுக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று, டயலுக்கு ஒன்று, முட்களுக்கு ஒன்று. ஐம்பது வருடத்தில் எத்தனையோ ரிப்பேர் கடை பார்த்திருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஏதாவது ஒரு பாகம் மாறியிருக்கலாம். பாவம், ரிப்பேர்காரர் ஏமாற்ற நினைத்து மாற்றவில்லை. வாடிக்கையாளருக்கு வாட்ச் ஓட வேண்டும், அவர் ஓட வைத்தார்.

போக் கதை வெளிவந்தபின் மஞ்சள் 6139களுக்குச் சேகரிப்பாளர்கள் 'போக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிராக்கி ஏறியது. உடனே நீல டயல், வெள்ளி டயல் வாட்ச்சுகள் மஞ்சளாக மாற ஆரம்பித்தன! இன்று ஒரு மஞ்சள் 6139ஐச் சோதிப்பவர்கள் செய்வது கணக்குத் தணிக்கை மாதிரிதான். லெட்ஜரில் இருக்கும் தொகை வவுச்சரோடு ஒத்துப்போகிறதா, வவுச்சர் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போல:

- பின்மூடியின் மெஷின் எண்ணும், உள்ளே மெஷினில் பொறித்த எண்ணும் ஒன்றா?
- சீரியல் நம்பர் சொல்லும் ஆண்டில் இந்த மெஷின் தயாரிப்பில் இருந்ததா?
- அந்த ஆண்டுக்கு 'ப்ரூஃப்' வர வேண்டுமா, 'ரெசிஸ்ட்' வர வேண்டுமா? டயலும் பின்மூடியும் இதில் ஒத்துப்போகின்றனவா?
- டயலின் அடி விளிம்பில் ஜப்பான் என்ற சொல்லும் டயல் எண்ணும் பொடி எழுத்தில் இருக்கின்றனவா? (டயல் எண்ணின் கடைசி இலக்கங்கள் பின்மூடி எண்ணோடு அப்படியே பொருந்த வேண்டும் என்று இல்லை. புதியவர்கள் இதைப் பார்த்து நல்ல வாட்ச்சையே போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.)
- எழுத்துகள் ஊசி முனை போலக் கூர்மையாக இருக்கின்றனவா, மை ஊறியது போலத் தடித்திருக்கின்றனவா?
- கூடு தேய்ந்திருக்கும்போது டயல் மட்டும் நேற்று வாங்கியது போல மின்னுகிறதா?

ஒரு சாட்சி மட்டும் இருந்தால் அது சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. பின்மூடியை நான்கு திருகில் கழற்றி வேறு வாட்ச்சில் மாட்டிவிட முடியும். எல்லாச் சாட்சிகளும் தனித்தனியாக ஒரே காலத்தைச் சொன்னால்தான் அந்தத் தேதி நிற்கும். போக்கின் வாட்ச் நின்றது அதனால்தான். நாசாவின் புகைப்படம், உருவ அமைப்பு, மெஷினின் காலம், வாங்கியவரின் வாய்மொழி என்று நான்கும் ஒன்றையொன்று தாங்கின.

71 டாலர் என்ன ஆனது?

காமர்ஸ்காரர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். 2008இல் போக் அந்த வாட்ச்சை ஏலத்துக்குக் கொடுத்தார். மாணவர்களுக்குப் படிப்பு உதவித்தொகை தரும் விண்வெளி வீரர்களின் அறக்கட்டளைக்காக. ஏலத்தில் 5,975 டாலருக்குப் போனது. வாங்கிய விலையைப் போல சுமார் 84 மடங்கு. அவர் விண்வெளியில் இருந்த நாட்களும் 84! தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை :-)

அதே கடையில் அதே நாளில் அதே மாதிரி வாட்ச்சை வேறு யாராவது வாங்கியிருக்கலாம். அதே இரும்பு, அதே சக்கரம், அதே மஞ்சள். அதற்கு இந்த விலை கிடைத்திருக்காது. விலை கொடுத்தது எங்கே இருந்தது, எப்போது இருந்தது என்ற நிரூபிக்கப்பட்ட விவரத்துக்கு. அந்த விவரம் இல்லாமல் 2000 வரை அது ஒரு மேஜை இழுப்பறை வாட்ச்.

வில்லியம் போக் 2014 மார்ச்சில் காலமானார். நல்லவேளையாக அதற்கு முன்பே யாரோ ஒருவருக்கு அந்தப் புகைப்படத்தை உற்றுப் பார்க்கத் தோன்றியது, இன்னும் முக்கியமாக, அவரிடமே கேட்கத் தோன்றியது. பத்து வருடம் தாமதித்திருந்தால் புகைப்படம் இருந்திருக்கும், பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.

உங்கள் வீட்டு பீரோவிலும் தாத்தாவின் பழைய சீகோவோ எச்.எம்.டியோ ஓடாமல் கிடக்கலாம். அது விண்வெளிக்குப் போயிருக்காது. ஆனால் அது எப்போது வந்தது, யார் வாங்கிக் கொடுத்தார்கள், முதல் சம்பளத்திலா, கல்யாணத்துக்கா, துபாயிலிருந்து வந்த மாமாவின் கையாலா என்று சொல்ல இன்று வீட்டில் ஆள் இருக்கிறார்கள் அல்லவா? பின்மூடியில் இருக்கும் எண் எங்கேயும் போகாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர்களிடம் கேட்டு ஒரு தாளில் தேதியோடு எழுதி அந்த டப்பாவுக்குள் வையுங்கள்.